படகு குதித்ததற்கான காரணம்

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் அந்த ஃபைபர் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது தண்ணீர்த் தொட்டியும் தோட்டத்து நாற்காலியும்தான் செய்துகொண்டிருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பேட்டையில் பாதி ஷெட்டுகள் பூட்டிக் கிடந்தன. நான் ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன், அதாவது வரைபடம் போடும் படிப்பு, படித்தவள். சான்றிதழில் 'மேன்' என்றுதான் போட்டிருக்கும்; அதை எடுத்துக்கொண்டு வேலை கேட்கப் போன இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் அதைச் சொல்லிச் சிரிப்பார். இந்த முதலாளி சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை நல்லவர் என்று நினைத்துச் சேர்ந்தேன்.

கிழக்குத் தாம்பரத்தில் வீடு. அப்பா பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். காலையில் மின்சார ரயிலில் பல்லாவரம், அங்கிருந்து குன்றத்தூர் பஸ். பம்மலைத் தாண்டும்வரை தோல் தொழிற்சாலை நாற்றம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, உடம்பு கொஞ்சம் பருமன். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் மட்டும் போய்விட்டு வேறு காரணம் சொல்லி அனுப்புவார்கள்.

அலுவலகத்தில் மூன்று பேர்: முதலாளி, கணக்குப் பார்க்கிறவர், நான். ஷெட்டில் எட்டுப் பேர். அவர்களுக்கு மேஸ்திரி ஒருவர், அனகாபுத்தூர்க்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடி இழை குத்திக் குத்தி முழங்கை வரை சிவந்து தடித்திருக்கும். என்னை மேடம் என்பார், நான் அவரை அண்ணா என்பேன். என் வரைபடத்தில் தப்பு இருந்தால் எல்லோர் முன்னாலும் சொல்ல மாட்டார். காகிதத்தை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்து, "இந்த எடத்துல எனக்குப் புரில மேடம்" என்பார். அவருக்குப் புரியாமல் இருந்ததே இல்லை.

படகு விஷயம் ஒரு மழைக்காலத்தில் வந்தது. கோவளத்துக்கு அந்தப் பக்கம், உப்பங்கழி ஓரமாக ஒருவர் ரிசார்ட் கட்டிக்கொண்டிருந்தார். விருந்தினரை ஏற்றிச் சுற்றிக் காட்ட ஆறு பேர் உட்காரும் வேகப்படகு ஒன்று வேண்டும், பிடித்திருந்தால் இன்னும் ஐந்து வாங்குவேன் என்றாராம். எங்கள் முதலாளி ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். அதுவரை நாங்கள் யாரும் படகு செய்ததில்லை. எங்கிருந்தோ ஒரு பழைய வெளிநாட்டுப் படகைப் பிடித்து லாரியில் கொண்டுவந்து இறக்கினார். அதை வைத்து மோல்டு எடுத்தோம். இஞ்ச் இஞ்சாக அளந்து வரைபடம் போட்டேன். என் வாழ்க்கையில் தொட்டியைத் தவிர நான் வரைந்த முதல் பொருள் அது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்த வளைவுகள்தான் மனதில் ஓடின.

மோல்டில் கண்ணாடி இழை மேட்டும் ரெசின் பசையும் அடுக்கடுக்காக வைத்து முடித்த மூன்றாம் நாள் காலையில் முதலாளி ஷெட்டுக்குள் வந்தார். என் அறைக் கதவு திறந்திருந்தது. பேசியது எல்லாம் எனக்குக் கேட்டது.

"இன்னைக்குப் பார்ட்டி வரார். மோல்டுலேர்ந்து கழட்டிடு."

"சார், இன்னும் பச்சையா கீது சார்," என்றார் மேஸ்திரி. "மழக் காத்து. ஒரு வாரமாச்சும் மோல்டுலயே கெடக்கட்டும்."

"தொட்டிய ரெண்டு நாள்ல கழட்டறியே?"

"தொட்டில தண்ணி உள்ள நிக்குது சார். இதுக்குத் தண்ணி வெளியில கீது. அடி வளைஞ்சிச்சின்னா பேஜாரு."

"உன்கிட்ட நான் பாடம் கேக்கல. கழட்டு."

கழற்றினார்கள். முன்மூக்கின் கீழே ஒரு மர முக்காலி, வால்பக்கத்தின் கீழே ஒரு மர முக்காலி, நடுவில் தாங்க ஒன்றுமில்லை. மத்தியானம் ரிசார்ட்காரர் தன் ஆட்கள் இரண்டு பேரோடு வந்தார். முதலாளி அவர்கள் மூவரையும் கைகொடுத்து உள்ளே ஏற்றி, தானும் ஏறி நடுவில் நின்றார். கணக்கர் போட்டோ எடுத்தார். மேஸ்திரி தூரத்தில் நின்று படகின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து அதை உப்பங்கழியில் இறக்கினோம். மோட்டார், படகின் பின்பலகைக்கு வெளியே தொங்கும் வகை. ஓட்ட வந்தவர் பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர். முதலாளி, மேஸ்திரி, நான், அவர், நான்கு பேர் ஏறினோம். நான் மோட்டாருக்குப் பக்கத்தில் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும் என்று ஏற்பாடு.

மெதுவாகப் போனபோது ஒன்றும் தெரியவில்லை. வேகத்தைக் கூட்டினார். மூக்கு தூக்கியது. சரி, வேகப்படகு என்றால் தூக்கும் என்று நினைத்தேன். பிறகு மூக்கு தானாகவே கீழே விழுந்தது. மறுபடி தூக்கியது, மறுபடி விழுந்தது. காற்று இல்லை, அலை இல்லை. அசையாத தண்ணீரில் படகு விடாமல் ஒரே தாளத்தில் குதித்துக்கொண்டு போனது. ஒவ்வொரு முறை விழும்போதும் பல் ஒன்றோடொன்று இடித்தது. என் குறிப்பேடு எங்கோ போய்விட்டது.

ஓட்டியவர் வேகத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அக்கா, நீங்க கொஞ்சம் முன்னால போய்க் குந்துங்க."

தவழ்ந்து முன்மூக்குக்குப் போய் உட்கார்ந்தேன். மறுபடி முழு வேகம் கொடுத்தார். குதிப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது.

முதலாளி சிரித்தார். "பிராப்ளம் சால்வ்டு. இனிமே ஒவ்வொரு போட்டுக்கும் இவங்கள மாதிரி ஒரு பீஸ் ஃப்ரீயா குடுத்துடலாம்."

ஓட்டியவரும் சிரித்தார். நானும் சிரித்தேன், அதுதான் இன்றும் ஆறாமல் இருக்கிறது. மேஸ்திரி சிரிக்கவில்லை. அவரும் சிரித்திருந்தால், பின்னால் நடந்ததைத் தாங்குவது எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் முதலாளி சொல்லி, கணக்கர் மூலமாக அந்தச் சிரிப்பு ஷெட் முழுக்கப் பரவியது. ஒரு மாதத்துக்கு எனக்கு 'பேலன்ஸ்' என்று பெயர்.

அந்த அவமானம்தான் என்னை வேலை செய்ய வைத்தது, படகின் மேல் இருந்த ஆசை அல்ல. பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தேன். முன்னால் எடை வைத்தால் நிற்கிறது என்றால், வால்பக்கம் தேவைக்கு மேல் அமுங்குகிறது என்று அர்த்தம். வால் அமுங்க, மூக்கு தூக்குகிறது. தூக்கிய மூக்கைத் தாங்க ஒன்றும் இல்லாமல் விழுகிறது. விழுந்த வேகத்தில் மறுபடி தூக்குகிறது. எது வாலை அமுக்குகிறது என்று கண்டுபிடித்தால் போதும்.

மோட்டாரோடு வந்த சின்னப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் அகராதி வைத்துப் படித்தேன். மோட்டார் எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பதற்கு அதன் தாங்கியில் ஐந்து துளைகள், அதில் ஒரு ஊசி. ஊசி வெளித்துளையில் இருந்தால் விசிறி மூக்கைத் தூக்கிவிடும் திசையில் தள்ளும். உள்துளைக்கு மாற்றினால் மூக்கை அமர்த்தும். எங்கள் ஊசி நடுத்துளையில் இருந்தது. உள்ளே மாற்றிப் பார்த்தோம். பாதி வேகத்தில் தொடங்கிய குதிப்பு முக்கால் வேகத்தில் தொடங்கியது. அடுத்து, பின்னால் இருந்த பெட்ரோல் டேங்கையும் பேட்டரியையும் முன்னால் கொண்டுபோனோம். இன்னும் நன்றாயிற்று. ஆனால் கனமான இரண்டு பேர் பின்னால் உட்கார்ந்து முழு வேகம் கொடுத்தால் பழைய கதைதான்.

"அந்த ஃபாரின் போட்டு குதிக்கலியே மேடம்," என்றார் மேஸ்திரி ஒருநாள். "மோல்டு எடுக்கறதுக்கு முன்னாடி சார் அத ஓட்டிப் பாத்தாரு இல்ல? அதே ஒடம்பு, அதே அளவு. இது மட்டும் இன்னாத்துக்குக் குதிக்குது?"

அந்தக் கேள்வியில்தான் விடை இருந்தது. படகை ஷெட்டுக்குத் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். நேரான ஆறு அடி அலுமினிய சேனல் சட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் படகுக்கு அடியில் மல்லாந்து படுத்தோம். வாலிலிருந்து முன்நோக்கி அடிப்பாகத்தோடு சேனலை ஒட்டிப் பிடித்தோம். அடி நேராக இருந்தால் முழுக்க ஒட்ட வேண்டும். நடுவில் ஒட்டியது. வால் ஓரத்தில் ஒட்டவில்லை. மேஸ்திரி அந்த இடுக்கில் சுண்டுவிரலை நுழைத்துக் காட்டினார். அடிப்பாகம் தொட்டில் மாதிரி தொங்கி, வால்பக்கம் மேலே வளைந்திருந்தது. வேகமாக ஓடும்போது அந்த வளைவோடு ஒட்டி ஓடும் தண்ணீர்தான் வாலைப் பிடித்துக் கீழே இழுத்தது.

எழுந்து போய் மோல்டில் அதே இடத்தில் சேனலை வைத்துப் பார்த்தோம். மோல்டு துல்லியமாக நேராக இருந்தது.

"மோல்டுல இல்ல," என்றார்.

"இல்ல," என்றேன்.

இரண்டு முக்காலிகளுக்கு நடுவே இன்னும் காயாத பச்சை உடம்பில் நான்கு பேர் ஏறி நின்றது எங்கள் இருவருக்கும் கண்முன் வந்தது.

வால் ஓரத்தில் அந்த ஒரு விரல் இடைவெளியை ஆப்பு மாதிரி நிரப்பி, முன்னே போகப் போக மெலிந்து மறையும்படி வரைந்து கொடுத்தேன். பின் விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாக முடிய வேண்டும், உருண்டிருக்கக் கூடாது என்று எழுதினேன். மேஸ்திரி வேறு யாரையும் விடவில்லை. இரண்டு நாள் மல்லாந்து படுத்துக்கொண்டு அவரே மேட்டை ஒட்டினார். ரெசின் முகத்திலும் கழுத்திலும் சொட்டியது. தேய்த்துச் சமப்படுத்தி, ஒரு வாரம் தொடவே விடவில்லை. இந்த முறை முதலாளியும் வாய் திறக்கவில்லை.

அடுத்த ஓட்டத்தில் பின்னால் மூன்று பேரை உட்காரவைத்து முழு வேகம் கொடுத்தார்கள். படகு ஒருமுறைகூடக் குதிக்கவில்லை. நானும் மேஸ்திரியும் கரையில் நின்று பார்த்தோம். மேஸ்திரி என் பக்கம் திரும்பி, சிரிக்காமல், "நின்னுச்சி மேடம்," என்றார். எனக்குத் தெரிந்து எங்கள் வேலையில் நாங்கள் சந்தோஷமாக இருந்த நாள் அது ஒன்றுதான்.

ரிசார்ட்காரர் விவரமானவர். மிச்ச ஐந்துக்கு ஆர்டர் சொல்வதற்கு முன்னால், முதல் படகு ஏன் குதித்தது, எதைச் செய்து நிறுத்தினீர்கள், இனி வராது என்று எப்படிச் சொல்கிறீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். முதலாளி அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். வாடிக்கையாளருக்குக் காட்டும் அவசரத்தினால் மூன்றாம் நாளே மோல்டிலிருந்து கழற்றியதும், சரியான தாங்கல் இல்லாமல் வைத்ததும்தான் வளைவுக்குக் காரணம் என்று எழுதினேன்.

முதலாளி படித்துவிட்டு அந்த வரியை அடித்தார். மேலே தன் கையால் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். மேஸ்திரி கவனக்குறைவாகச் செய்த வேலைதான் காரணம் என்று அதற்கு அர்த்தம்.

"சார், அவர் வேண்டாம்னுதான் சொன்னார்."

"நீ பக்கத்துல இருந்தியா?"

"கேட்டுது சார்."

பேனாவை மூடி வைத்தார். கோபப்படவில்லை. "இங்க பாரும்மா. நான்தான் அவசரப்படுத்தினேன்னு எழுதினா அந்த ஆள் அஞ்சு போட்டு குடுப்பாரா? இது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. மேஸ்திரிக்கு ஒண்ணும் ஆகாது. அஞ்சு போட்டுக்கும் டிராயிங், டெஸ்டிங் எல்லாம் இனிமே நீதான். டிசைன் இன்சார்ஜ்னு உன் ரூமுக்கு வெளியில ஒரு போர்டே வெச்சுடறேன்."

வேலை போய்விடும் என்ற பயத்தில் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் இருந்தது, உண்மைதான். ஆனால் அவர் மிரட்டவே இல்லை. அந்த போர்டு எனக்கு வேண்டியிருந்தது. 'பேலன்ஸ்' என்று கூப்பிட்டவர்கள் தினமும் அதைத் தாண்டிப் போக வேண்டும் என்று இருந்தது. திருத்திய பக்கத்தை டைப் அடித்து, தயாரித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தபோது மேஸ்திரி கைகழுவிக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது.

"இன்னா மேடம் எழுதிக்கீது அதுல?"

"அளவெல்லாம்தாண்ணா. எவ்ளோ வளைஞ்சிருந்துது, எவ்ளோ நிரப்பினோம், அதான்."

"நல்லா எழுதிக் குடு. அஞ்சும் நம்பளே செய்யலாம்," என்றார்.

பத்து நாள் கழித்து ரிசார்ட்காரரிடமிருந்து பதில் வந்தது. ஐந்து படகுக்கும் சம்மதம், ஆனால் அறிக்கையில் சொல்லியிருக்கும் அந்த ஆள் என் படகில் கைவைக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை. அன்று டீ நேரத்தில் எல்லோரும் இருக்கும்போதே முதலாளி மேஸ்திரியைக் கூப்பிட்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். மேஸ்திரிக்கு முதலில் புரியவில்லை.

"இன்னாத்துக்கு சார்?"

"உன்னால ஆர்டரே போயிருக்கும். நான் சொல்லல, டெக்னிக்கலா பார்த்துட்டு மேடமே எழுதிக் குடுத்திருக்காங்க." அறிக்கையின் நகலை நீட்டினார்.

மேஸ்திரி அதை வாங்கி எழுத்தைப் பார்க்காமல் நேராகக் கடைசிக்குப் போனார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் பார்த்திருக்கிறார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீயா மேடம்?"

நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பாலாடை படிந்திருந்தது. அவ்வளவு நேரம் யாரும் டீயைப் பார்க்க முடியாது. அப்போது நான் வாயைத் திறந்திருந்தால் முதலாளி என்னையும் சேர்த்து அனுப்பியிருப்பார், அவ்வளவுதான். அதைவிடப் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது.

மேஸ்திரி காகிதத்தை மடிக்காமல் மேஜைமேல் வைத்தார். ரெசினைக் கரைக்கும் அசிட்டோனில் கையைத் தேய்த்துத் துடைத்து, ஆணியில் மாட்டியிருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். ஷெட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் யாரும் என்னை 'பேலன்ஸ்' என்று கூப்பிடவும் இல்லை. பேசவே இல்லை என்பதால்.

ஐந்து படகும் செய்தோம். ஒவ்வொன்றும் ஒரு வாரம் மோல்டில் கிடந்தது. அதை முதலாளி தன்னுடைய சட்டமாகவே ஆக்கி, வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். குதிப்பை நிறுத்தும் ரகசியத்தை ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்ததாகவும் சொன்னார். என் அறைக்கு வெளியே போர்டு வந்தது. அதில் அவருடைய அக்கா மகன் பெயர் இருந்தது, பி.இ. என்று போட்டு. நான் பழையபடி தொட்டிகள் வரைந்தேன். இரண்டு வருடம் கழித்துக் கல்யாணமாகிப் போகும்வரை அந்த அறையிலேயே, அவன் மேஜைக்கு எதிரே.

கல்யாணத்துக்குப் பிறகு கோவிலம்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். ஒரு கோடையில் மொட்டைமாடி ஃபைபர் தொட்டி விரிசல் விட்டுச் சுவரெல்லாம் ஊறியது. என் கணவர் மேடவாக்கம் பக்கம் விசாரித்து ஒட்டுப் போடுகிற ஆள் ஒருவரைக் கூட்டிவந்து மாடிக்கு அனுப்பினார். நான் வாளியில் தண்ணீர் கொண்டுபோனேன். தொட்டிக்குள் குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். தலை பாதி நரைத்திருந்தது. கை மட்டும் அப்படியே இருந்தது.

"நீயா," என்றார். மேடம் என்று சொல்லவில்லை.

"நல்லா இருக்கீங்களா அண்ணா?"

அவர் விரிசலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் அங்கேயே நின்றேன். வருடக்கணக்காக மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. கடைசியில், "சார் எழுதச் சொன்னதத்தான் எழுதினேன்," என்றேன்.

"அது தெரியும். நீயா அப்டி எழுத மாட்டேன்னு அப்பவே தெரியும்." தேய்ப்பதை நிறுத்தினார். "நான் வந்து உன்ன கேட்டேனா இல்லியா, அதுல இன்னா எழுதிக்கீதுன்னு? அன்னிக்கே சொல்லிருந்தா நானே வேலைய வுட்டு நின்னுகினு வேற எடம் பாத்துருப்பேன். வேல தெரியாதவன்னு எழுதித் தொரத்தி வுட்டாங்கன்னு ஆனதுக்கப்புறம் அந்தப் பேட்டைல ஒருத்தன் சேக்கல. ஒன்னர வருசம் செவுத்துக்கு வெள்ள அடிச்சேன்."

"மன்னிச்சிடுங்கண்ணா."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த வாளிய இப்டித் தள்ளு," என்றார்.

தள்ளினேன். கீழே இறங்கி வந்துவிட்டேன். வேலை முடியும்வரை மறுபடி மேலே போகவில்லை. டீ போட்டேன், அதைக் கணவர் கையில் கொடுத்தனுப்பினேன். அது அப்படியே திரும்பி வந்தது.

மேஸ்திரி சாமான் பையோடு படியிறங்கும்போது என் கணவர் என்னைப் பார்த்து, "நீ மேல ரொம்ப நேரம் பேசிட்டிருந்தியே, தெரிஞ்சவரா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றேன்.

மேஸ்திரி இன்னும் படியில்தான் இருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும்.